மூன்று பாட்டில் மாவு: உயிரியலுக்குள் வரும் இன்ஜினியருக்கு ஒரு வழிகாட்டி

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சுற்றிச் சுற்றி எப்படியோ ஒரு உயிரியல் லேபில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்டாகப் போய்ச் சேர்ந்தேன். முதல் மாதம் கொடுத்த வேலை சுலபமானதுதான். பச்சையாக ஒளிரும் புரதத்தைத் தயாரிக்கும் ஒரு டிஎன்ஏ வளையம் இருக்கிறது, அதைச் சுமக்கும் ஈ. கோலை பாக்டீரியாவைத் தினமும் புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றிச் சில நாள் வளர்க்க வேண்டும். முதல் நாள் பளிச்சென்று பச்சை. நாள் போகப் போக மங்கியது, கடைசி நாள் குழாயில் பாக்டீரியா கும்மென்று வளர்ந்திருக்கிறது, பச்சையைத்தான் காணோம். சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் டிஎன்ஏ வரிசையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஊடகத்தில் ஆன்டிபயாடிக் போட மறந்திருக்கிறேன். அந்த மருந்தைத் தாங்கும் ஜீனும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. மருந்தே இல்லையென்றால் வளையத்தைச் சுமந்து என்ன பயன்? சுமக்காத பாக்டீரியா வேகமாகப் பெருகி, சுமந்ததை எல்லாம் முந்திவிட்டது.

போர்டில் சால்டர் செய்த ரெசிஸ்டர் பாரமாக இருக்கிறதென்று கழன்று ஓடாது. இங்கே ஓடும். இன்ஜினியரிங் படித்துவிட்டு உயிரியல் பக்கம் வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது இதற்குத்தான், இதை எந்தப் பாடமும் மண்டையில் ஏற்றாது, கையால் ஒரு உயிருள்ள பொருளை அளந்து பார்த்தால்தான் ஏறும். அதற்கு லேப் தேவையில்லை. இட்லி மாவு போதும்.

சிரிக்க வேண்டாம். மாவு என்பது சுத்தமான ஒரு பயோரியாக்டர். உள்ளே போகும் பொருள் தெரியும், வெளியே வருவது தெரியும், நடுவில் வேலை செய்கிற ஆட்களும் தெரிந்தவர்கள்: உப்பலுக்கு முக்கியக் காரணம் லூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா, பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகிறது. தப்பாகப் போனால் நஷ்டம் ஒரு ஆழாக்கு உளுந்து. இந்த வழிகாட்டி வார இறுதி ஒன்றில் மாவோடு தொடங்குகிறது, கடைசியில் ஜீன் சர்க்யூட் பக்கம், அதாவது ஒன்றையொன்று கட்டுப்படுத்தும்படி ஜீன்களை இணைக்கும் வேலைப் பக்கம் போகிறது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதல் படி: கேள்வியை எண்ணாக்குங்கள்

"மாவு நன்றாகப் புளிக்க வேண்டும்" என்பது ஆசை. "இரவு 9 மணிக்கு வைத்த மாவு காலை 6 மணிக்கு ஒன்றரை மடங்கு உயரம் வந்திருக்க வேண்டும், ஜனவரியிலும் சரி, மே மாதத்திலும் சரி" என்பது டிசைன். யாருக்காகச் செய்கிறோம், அவருக்கு எப்போது என்ன வேண்டும், எவ்வளவு தவறினால் பொறுத்துக்கொள்வார், இந்த மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்த 'அவர்' அம்மா. ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார், இரண்டு மணி நேரம் தாமதமானால் உப்புமா கிண்டிவிடுவார். இது ஸ்பெக். வேடிக்கையாகத் தெரிந்தாலும் லேபில் நான் பார்த்த பாதி ப்ராஜெக்ட்கள் தடுமாறியது இங்கேதான், 'உற்பத்தியை அதிகரிக்க' என்று தொடங்கி, எவ்வளவு அதிகரித்தால் நிறுத்தலாம் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: சாமான்களைச் சேருங்கள்

ஒரே மாதிரியான ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில் மூன்று, பக்கவாட்டு நேராக இருக்க வேண்டும், இடுப்பு வளைந்த பாட்டிலில் உயரத்தை வைத்துக் கொள்ளளவு சொல்ல முடியாது. பேப்பர் டேப், ஸ்கேல், ஒரு தெர்மாமீட்டர். மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று. கிடைத்தால் பிஎச் தாள். அப்புறம் மூன்று பாட்டிலும் நிற்கிற அளவுக்கு ஒரு வாளி, அதில் பாதிவரை தண்ணீர். வாளி எதற்கென்றால், அடுப்பு மேடையில் ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜின் சூட்டுக்கு அருகிலும் இன்னொன்று ஜன்னலோரக் காற்றிலும் நின்றால் நீங்கள் பாக்டீரியாவை ஒப்பிடவில்லை, சமையலறையை ஒப்பிடுகிறீர்கள். தண்ணீர் மூன்றையும் ஒரே சூட்டில் பிடித்து வைக்கும்.

மூடியைத் திருகி இறுக்காதீர்கள். உள்ளே வாயு உண்டாகிறது, கண்ணாடி பாட்டில், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா மேலே வைத்தால் போதும்.

மூன்றாம் படி: ஊகத்தை முதலில் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான படி, எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். மாவைத் தொடும் முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எண்ணாக எழுதித் தேதி போடுங்கள்.

நாம் செய்யப்போவது இது. அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, வழக்கம்போல அரைத்து, உப்புப் போட்டுக் கலக்கிய புது மாவு. ஒரு பாட்டிலில் பழைய மாவு எதுவும் சேர்க்கப் போவதில்லை. இரண்டாவதில் 2 மில்லி பழைய மாவு. மூன்றாவதில் 20 மில்லி. மூன்றிலும் மொத்தம் 300 மில்லி இருக்கும்படி புது மாவால் நிரப்புங்கள். எது எப்போது 450 மில்லி கோட்டைத் தொடும்?

மனசு சட்டென்று சொல்லும்: பத்து மடங்கு போட்டால் பத்து மடங்கு வேகம். அது சரியாக வராது, ஏனென்றால் பாக்டீரியா இரண்டு இரண்டாகப் பெருகுகிறது. பத்து மடங்கு என்பது மூன்றே கால் இரட்டிப்புக்கும் கொஞ்சம் மேல், சரியாகச் சொன்னால் 3.32. ஆக, பழைய மாவைப் பத்து மடங்கு கூட்டினால் மிச்சமாவது 3.32 இரட்டிப்பு நேரம் மட்டும்தான். ஒரு இரட்டிப்புக்கு ஒரு மணி நேரம் ஆனால் மூன்று மணி இருபது நிமிடம். அவ்வளவுதான். உங்கள் ஊகம் எதுவானாலும் எழுதுங்கள், தப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: வைத்து, காத்திருந்து, குறியுங்கள்

பழைய மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். பிறகு நன்றாகக் கலக்கி நுரையை உடைத்துவிட்டு அளக்க வேண்டும், நுரையோடு 20 மில்லி எடுத்தால் அதில் பாதி வாயுதான் இருக்கும், முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன். அரைத்த மாவு கிரைண்டரிலிருந்து வரும்போதே சூடாக இருக்கும், மிக்ஸியில் அரைத்தால் இன்னும் சூடு, அதனால்தானே ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கிறோம். வாளித் தண்ணீரின் சூட்டுக்கு மாவு வரும்வரை பொறுங்கள்.

பாட்டிலின் வெளியே டேப் ஒட்டி, தொடக்க உயரத்தில் ஒரு கோடு, ஒன்றரை மடங்கில் ஒரு கோடு. காலையில் தொடங்கினால் உட்கார்ந்து பார்க்கலாம். இரவில் என்றால் பழைய போன் ஒன்றை நிறுத்தி வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க விடுங்கள், ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஒவ்வொரு மணிக்கும் உயரம், தண்ணீரின் சூடு, முடிந்தால் பிஎச். அரைத்த மாவு பிஎச் 6 பக்கத்தில் தொடங்கி, நன்றாகப் புளித்தபின் நாலரை பக்கம் வந்து நிற்கும்.

முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பயப்பட வேண்டாம். ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குக் கீழே வருகிறேன், அதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது.

ஐந்தாம் படி: கணக்கு

எடுத்துக்காட்டுக்கு இப்படி வந்ததென்று வைத்துக்கொள்வோம்: 20 மில்லி பாட்டில் 5 மணி நேரத்தில் கோட்டைத் தொட்டது, 2 மில்லி பாட்டில் 8 மணி நேரத்தில், எதுவும் சேர்க்காதது 9 மணி 10 நிமிடத்தில்.

சேர்க்காத பாட்டிலும் உப்பியதே, அப்படியானால் புது மாவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வளவு பேர்? அதைப் 'பழைய மாவு எத்தனை மில்லிக்குச் சமம்' என்று கேட்டுப் பாருங்கள். 2 மில்லிக்குச் சமம் என்று ஊகித்தால், முதல் பாட்டிலில் 2 பங்கு, இரண்டாவதில் 4, மூன்றாவதில் 22. இரண்டிலிருந்து நாலு என்பது ஒரே ஒரு இரட்டிப்பு, அதற்கான நேர வித்தியாசம் 70 நிமிடம். நாலிலிருந்து 22 என்பது ஐந்தரை மடங்கு, சுமார் 2.46 இரட்டிப்பு, அதற்கு 3 மணி நேரம், வகுத்தால் 73 நிமிடம். இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே விடை. ஆக இந்த மாவில் இரட்டிப்பு நேரம் ஒரு மணி பத்து நிமிடத்துச் சொச்சம், புது மாவின் சொந்தச் சரக்கு 2 மில்லிப் பழைய மாவுக்குச் சமம்.

மூன்று பாட்டில், இரண்டு தெரியாத எண்கள், மைக்ரோஸ்கோப் இல்லை, ஒரு ரூபாய் கெமிக்கல் இல்லை. எனக்கு இது முதல் தடவை விழுந்தபோது ராத்திரி ஒரு மணி, வீட்டில் சொல்ல ஆளில்லாமல் நோட்டின் ஓரத்தில் ஆச்சரியக்குறியாகப் போட்டு வைத்தேன்.

உங்கள் எண்கள் இவ்வளவு சமர்த்தாக ஒத்துப்போகாது. ஃப்ரிட்ஜிலிருந்து வந்த பாக்டீரியா விழித்தெழக் கொஞ்ச நேரம் எடுக்கும், பழைய மாவோடு அமிலமும் சேர்ந்து வரும், உள்ளே ஒரே வகை பாக்டீரியாவும் இல்லை. 'அப்படியானால் பழைய மாவைக் கொதிக்கவைத்து, செத்த மாவை இன்னொரு பாட்டிலில் போட்டு அமிலத்தின் பங்கை மட்டும் தனியாகப் பார்க்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றினால் சபாஷ், கன்ட்ரோல் என்றால் என்னவென்று பிடிபட்டுவிட்டது, ஆனால் கொதிக்கவைத்தால் அது இட்லியாகிவிடும். உயிரியலில் கன்ட்ரோல் வைப்பதன் சங்கடம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆறாம் படி: அளப்பது எதை என்று கேளுங்கள்

நாம் அளந்தது உயரம். பேசுவது பாக்டீரியாவைப் பற்றி. நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது?

லூகோனோஸ்டாக் ஒரு குளுக்கோஸை உடைத்தால் ஒரு லாக்டிக் அமிலம், ஒரு ஆல்கஹால், ஒரு கரியமில வாயு வரும். ஒன்றுக்கு ஒன்று. 180 கிராம் குளுக்கோஸுக்கு 30 டிகிரியில் சுமார் 25 லிட்டர் வாயு. நம் பாட்டில் 300 மில்லியிலிருந்து இரண்டு மடங்கு உப்ப வேண்டுமானால் 300 மில்லி வாயு வேண்டும், அதற்கு 2 கிராம் சொச்சம் குளுக்கோஸ் போதும், அரை டீஸ்பூன் சர்க்கரையின் எடை. இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை, இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அரை டீஸ்பூனா என்று.

ஆனால் வாயு உண்டானதும் குமிழியாகிவிடாது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அரை லிட்டருக்கு மேல் கரியமில வாயுவைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். மாவில் பெரும்பங்கு தண்ணீர்தான். அதன் வயிறு நிறைந்த பிறகுதான் உப்பல் தெரியும். முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம், பாக்டீரியா குறைவாக இருந்தது இன்னொன்று. உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருந்தது, நம் அளவுகோலுக்குத்தான் தெரியவில்லை.

சரி, குமிழி வந்துவிட்டது, அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டுமே. உளுந்தின் வழவழப்பும் புரதமும்தான் அந்தப் பிடி. நம்பிக்கை இல்லையென்றால் நாலாவதாக ஒரு பாட்டிலில் வெறும் அரிசி மாவை எடுத்து அதில் 20 மில்லிப் பழைய மாவைக் கலந்து வையுங்கள். பிஎச் இறங்கும், முகர்ந்தால் புளிப்பு தெரியும், உயரம் மட்டும் பேருக்குத்தான் ஏறும். பாக்டீரியா இருக்கிறது, வாயு வருகிறது, எல்லாம் ஒழுகிப் போகிறது. உயரம் என்பது உற்பத்திக்கும் ஒழுக்குக்கும் உள்ள வித்தியாசம். அதிகம் புளித்த மாவு மறுபடி அமுங்குவதும் இதனால்தான், அந்த நேரத்தில் உள்ளே முன்னைவிடப் பாக்டீரியா அதிகம்.

லேபுக்குப் போனாலும் இதே கதைதான். பாக்டீரியா எவ்வளவு என்று தெரிய, குழாய்க்குள் ஒளியை விட்டு எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார்கள். கலங்கல் கூடினால் அந்த எண் நேர்கோட்டில் ஏறாது, நீர்த்து அளக்க வேண்டும். ஐஜெம் என்ற மாணவர் போட்டியின் அணிகள் ஒரே டிஎன்ஏ பாகங்களைப் பல நாட்டு லேப்களில் வைத்து ஒளிர்வை அளந்தபோது எண்களை நேரடியாக ஒப்பிடவே முடியவில்லை, ஒவ்வொரு மெஷினும் தன் இஷ்டத்துக்கு ஒரு யூனிட்டில் பேசியது. பிறகு ஃப்ளோரசீன் என்ற சாயத்தைப் பொது அளவுகோலாக வைத்துச் சரிசெய்தார்கள். மீட்டர் கணக்கும் கஜக் கணக்கும் கலந்த கதை.

ஏழாம் படி: ஒரு ஷீட்டில் மாவைப் புளிக்க விடுங்கள்

கோடிங் தெரிந்தால் பைத்தான், இல்லையென்றால் எக்செல் போதும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம். முதல் பத்தி பாக்டீரியா: இரட்டிப்பு நேரம் 72 நிமிடம் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும், வட்டிக்கு வட்டி, அவ்வளவுதான். கீழே இழுத்து 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், பத்து லட்சம் மடங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், இன்னொரு நாள் விட்டால் கோடிகளைத் தாண்டி எங்கேயோ போகும். நிஜ மாவு அப்படிச் செய்யாது. எனவே நம் மாடலில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது.

விட்டுப்போனது அமிலம். அது இரண்டாவது பத்தி: ஒவ்வொரு வரியிலும் பாக்டீரியாவின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடட்டும். இப்போது அந்தப் பத்து சதவீதத்தை 'ஒன்று கழித்தல், அமிலம் வகுத்தல் எல்லை' என்ற எண்ணால் பெருக்குங்கள். அமிலம் எல்லையைத் தொடும்போது வளர்ச்சி பூஜ்ஜியம். கோடு மேலே போய் வளைந்து படுக்கும். எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு இது பழகிய முகம், நெகட்டிவ் ஃபீட்பேக், தான் உண்டாக்கியதே தன்னைக் கட்டுப்படுத்துகிறது. நிஜத்தில் லூகோனோஸ்டாக் அடங்கும்போது, அமிலத்தை அதைவிடத் தாங்கும் வேறு வகைகள் மேலே வருகின்றன. ஒரு ஆம்ப்ளிஃபயர் சூடானதும் பக்கத்து ஆம்ப்ளிஃபயர் தானாக வேலையை எடுத்துக்கொள்வது போல என்று சொல்லலாம், ஆனால் எந்த போர்டிலும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பத்தி வாயு, நான்காவது ஒழுக்கு போக மிச்சம். ஷீட்டின் கோட்டையும் பாட்டிலில் குறித்த புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். ஒட்டாத இடத்தில்தான் படிப்பு இருக்கிறது. எண்களைத் திருகித் திருகி ஒட்டவைத்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நாலைந்து திருகாணி இருந்தால் எந்தக் கோட்டையும் எந்தப் புள்ளிகள் மீதும் உட்காரவைத்துவிடலாம். ஒரு தடவை ஒட்டவைத்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் 5 மில்லி போட்டால் என்ன நேரம் வரும் என்று ஷீட்டைக் கேளுங்கள், எழுதி வையுங்கள், அப்புறம் மாவை வையுங்கள்.

எட்டாம் படி: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதற்கு முன் ஒன்றையும் மாற்றாமல் பாருங்கள்

'கையால கலக்கினாத்தான் மாவு பொங்கும்' என்பது அம்மாவின் கட்சி. உப்பை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, வெந்தயம் வேண்டுமா வேண்டாமா, வீட்டுக்கு வீடு ஒரு கட்சி. எல்லாமே சோதித்துப் பார்க்கக்கூடியவை. நான் கையா கரண்டியா என்று பார்த்தேன். கைப் பாட்டில் பத்து நிமிடம் முந்தியது. ஜெயித்துவிட்டதாக அம்மா கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது, அதற்கு முந்தின வாரம் எந்த வித்தியாசமும் இல்லாமல் வைத்த இரண்டு பாட்டிலுக்கு நடுவிலேயே இருபது நிமிடம் இடைவெளி இருந்தது. ஒன்றுமே மாற்றாதபோது வரும் வித்தியாசத்தைவிட, மாற்றியபோது வந்த வித்தியாசம் சின்னது. எனவே ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கரண்டியப் பிடிச்சதும் கைதானே" என்றார். பதில் சொல்ல முடியாத ஆட்சேபம்.

இந்த 'ஒன்றும் மாற்றாத வித்தியாசம்' சாதாரண விஷயமில்லை. 2002இல் மைக்கேல் எலோவிட்ஸும் கூட இருந்தவர்களும் ஒரே ஈ. கோலை செல்லுக்குள், ஒரே மாதிரியான ஸ்விட்சின் கீழ், இரண்டு நிறத்தில் ஒளிரும் இரண்டு ஜீன்களை வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அது அந்த செல்லின் பொதுவான நிலைமை. ஒன்று ஏற மற்றது இறங்கினால் அது ஜீனிலிருந்து புரதம் உண்டாகும் வேலையிலேயே உள்ள தற்செயல். இரண்டுமே இருந்தன. வாளியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாட்டிலும் அதே யோசனைதான்: இரண்டும் சேர்ந்து தாமதமானால் அன்றைக்கு அறை குளிர், ஒன்று மட்டும் தாமதமானால் அந்தப் பாட்டிலில் ஏதோ.

ஒன்பதாம் படி: அடுத்து ஜீன் சர்க்யூட்

மாவில் நான்கைந்து வாரம் போன பிறகு இங்கே வாருங்கள். இல்லாவிட்டால் படங்களைப் பார்த்து, அம்புக்குறியும் ஸ்விட்சும் நமக்குத் தெரிந்ததுதானே என்று ஏமாந்துவிடுவீர்கள், நான் ஏமாந்த மாதிரி.

தொடக்கம் வளர்ச்சியை அளந்ததில்தான் இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில், போர்க்காலப் பாரிஸில், ஜாக் மோனோ பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரையைக் கலந்து கொடுத்துக் கலங்கலை நேரத்தோடு அளந்தார். குளுக்கோஸும் லாக்டோஸும் கொடுத்தால் கோடு ஏறி, நின்று, மறுபடி ஏறியது. முதலில் குளுக்கோஸ், அது தீர்ந்ததும் ஒரு இடைவேளை, அப்புறம் லாக்டோஸ். அந்தச் சின்ன இடைவேளையை அவர் அளவுப் பிழை என்று தள்ளிவிடவில்லை. 1961இல் ஃப்ரான்ஸுவா ஜாகோபும் அவரும் சேர்ந்து விளக்கம் கொடுத்தார்கள்: லாக்டோஸ் ஜீன்களின் மீது ஒரு தடுப்பான் உட்கார்ந்திருக்கிறது, லாக்டோஸ் வந்தால் விலகுகிறது. 1965இல் நோபல் பரிசு.

அந்தத் தடுப்பானின் பெயர் லாக்ஐ. லேபில் அதை விலக்க லாக்டோஸுக்குப் பதில் ஐபிடிஜி என்ற ஒன்றைப் போடுவார்கள், பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாது, அதனால் அளவு குறையாமல் நிற்கும், இன்புட் சிக்னலுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

2000 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு சர்க்யூட் வந்தன, இரண்டிலும் லாக்ஐ ஒரு பாகம். ஒன்று கார்ட்னர், கேன்டர், காலின்ஸ் மூவரும் செய்த ஸ்விட்ச். இரண்டு தடுப்பான், ஒன்று மற்றதைத் தடுக்கும். இரண்டு பேர் ஒருவர் வாயை ஒருவர் பொத்த முயல்வது போல, யாருடைய கை முதலில் இறுகுகிறதோ அவர் குரல்தான் கேட்கும், கேட்ட பிறகு அதுவே நிலைத்துவிடும். ஐபிடிஜி கொடுத்தால் ஒரு பக்கம் விழும், இன்னொரு பக்கம் விழவைக்கச் சூட்டை 42 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் (வேறொரு வடிவத்தில் சூட்டுக்குப் பதில் ஒரு ரசாயனம்). தூண்டலை எடுத்த பிறகும் நிலை மாறாது. நினைவு வைத்துக்கொள்ளும் பாக்டீரியா.

இன்னொன்று எலோவிட்ஸும் லைப்லரும் செய்தது, மூன்று தடுப்பான்கள் வட்டமாக, முதலாவது இரண்டாவதைத் தடுக்க, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது முதலாவதை. சிக்னலைத் தலைகீழாக்கும் இன்வெர்ட்டர்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாகக் கட்டினால் தானாக ஏறி இறங்கும் ஆஸிலேட்டர், நாம் இரண்டாம் வருடம் லேபில் கட்டியதுதான். பாக்டீரியா மினுக்கியது, ஒரு மினுக்கு முடியச் சில மணி நேரம், செல் பிரிவதைவிட மெதுவாக. ஆனால் நாற்பது சதவீதம் போல செல்கள்தான் தெளிவாக மினுக்கின, ஒரே தாயின் பிள்ளைகளே தாளம் தப்பின. மாடல் போட்டுத் திட்டமிட்டுச் செய்த சர்க்யூட், உலகத்தின் சிறந்த ஆட்கள், அப்படியும் இந்த நிலை. 2016இல் யோஹான் பால்சனின் ஹார்வர்ட் குழு அதே சர்க்யூட்டைத் தாளம் தப்பாமல் ஓடவைத்தது, அதற்கு அவர்கள் செய்ததில் பெரிய பங்கு எங்கிருந்து இரைச்சல் வருகிறது என்று அளந்து பார்த்து, சில பாகங்களைக் கழற்றியது.

சர்க்யூட் வரையும்போது ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள். இதை எதால் அளப்பேன்? ஒன்றும் மாற்றாதபோது எவ்வளவு ஆடும்? இதைச் சுமப்பதில் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்? மூன்றாவதற்கு 'ஒன்றுமில்லை' என்பதுதான் பெரும்பாலும் பதில், அப்படியானால் எத்தனை தலைமுறைக்குள் அது கழற்றி எறியும் என்று சோதிக்கவும் ஒரு நாள் ஒதுக்குங்கள். என் பச்சை போன கதை இந்த வரியில் அடங்கிவிட்டது.

பத்தாம் படி: உள்ளே போவது எப்படி

ஜீன் மாற்றும் வேலையை வீட்டில் செய்யக் கூடாது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் இதற்கென்றே இருக்கின்றன, நிறுவனத்துக்குள்ளேயே உயிரிப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைத்து அதன் மேற்பார்வையில்தான் செய்ய முடியும். மாவு விளையாட்டிலும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: மேலே பூஞ்சை படர்ந்தாலோ, இளஞ்சிவப்பாக நிறம் மாறினாலோ, வாடை வேறு மாதிரி அடித்தாலோ சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள்.

கல்லூரியில் இருப்பவர்களுக்குச் சுலபமான வாசல் ஐஜெம் போட்டி. அமெரிக்காவின் எம்ஐடியில் 2003இல் ஒரு வகுப்பாகத் தொடங்கியது, மாணவர்கள் அணியாகச் சேர்ந்து உயிரியல் சர்க்யூட் செய்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஐஐடி மெட்ராஸ் அணிகள் கலந்துகொண்டிருக்கின்றன. எந்த அணியிலும் மாடல் போடவும் அளவுகளைச் சரிபார்க்கவும் இன்ஜினியர் தேவைப்படும், அங்கே கேட்டுப் பாருங்கள். பழைய அணிகளின் ப்ராஜெக்ட் பக்கங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, தோற்ற கதைகளையும் எழுதி வைத்திருக்கும் அணிகளைத் தேடிப் படியுங்கள், பரிசு வாங்கியவர்களின் பக்கத்தைவிட அவை பிரயோஜனம்.

வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ பேராசிரியருக்கு மெயில் எழுதினால், 'உயிரியலில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்காதீர்கள், அவருக்கு வாரத்துக்கு இருபது அப்படி வரும். மூன்று பாட்டிலின் வரைபடம், முன்கூட்டி எழுதிய ஊகம், அது எங்கே தப்பியது, ஏன் தப்பியதென்று நினைக்கிறீர்கள், இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் போட்டு இணையுங்கள். நான் அனுப்பியதற்கு வந்த பதில் ஒரே வரி: "20 மில்லி பாட்டிலில் பிஎச் தொடக்கத்திலேயே எவ்வளவு இருந்தது?" நான் அளந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே மறுபடி உளுந்து ஊறப் போட்டேன்.